பன்னிரண்டில் மூன்று பொய்

என் அன்பு மச்சான் தவத்துக்கு,

நீ இருக்கும் இடத்தில் தண்ணீர் நல்லதாக இருக்கட்டும். நல்ல தண்ணீர் என்றால் எது என்று இந்த ஒரு வருடத்தில்தான் எனக்கு விளங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் ஆண்டு நினைவுக்கு மலர் அச்சடிக்கிறார்கள். உன் மனுசி பவானி கனடாவிலிருந்து அழைத்து, "அண்ணை, நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தரவேணும்" என்று கேட்டார். மற்றவர்கள் எழுதியதை எனக்கு அனுப்பியிருந்தார், மாதிரிக்கு. பண்பாளர், பரோபகாரி, இணுவில் மண்ணின் மைந்தன் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். நீ வாசித்திருந்தால் சிரித்துச் சிரித்தே இன்னொரு தரம் நெஞ்சைப் பிடித்திருப்பாய். எனக்கு அப்படி எழுத வராது. பத்தாம் வகுப்போடு தமிழும் விஞ்ஞானமும் என்னைக் கும்பிட்டு வழியனுப்பி வைத்தன. கடிதம் என்றால் எழுதுவேன்.

உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. எட்டு வருடமாக நீ பார்க்க ஆசைப்பட்டுப் பார்க்காமலே போன ஒன்றை நான் பார்த்துவிட்டேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மலரை வாசிக்கிறவர்களுக்கு நம்முடைய கதை தெரியாது. நீ இணுவிலில் தோட்டக்காரரின் தண்ணீர் மோட்டர்களைத் திருத்துகிறவன். நான் வல்வெட்டித்துறையில் முன்பு கடலுக்குப் போய், இப்போது படகு எஞ்சின் திருத்துகிறவன். யாழ்ப்பாணத்தில் ஒரு சாமான் கடையில் கடைசியாகக் கிடந்த ஒரு ரப்பர் வாசரை இரண்டு பேரும் இரண்டு பக்கத்தால் பிடித்துக்கொண்டு நின்ற அன்று தொடங்கிய சினேகிதம். நீ சைவம். மீன் வாசம் வந்தால் மூக்கைப் பொத்துவாய். எனக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஆனால் மீனை வீட்டில் வைத்து வளர்த்தவன் நீ.

முதல் நாள் உன் விறாந்தையில் அந்த நாலடிக் கண்ணாடித் தொட்டியைப் பார்த்ததும் நான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "உதை என்னெண்டு மச்சான் சமைக்கிறது, பொரியலோ குழம்போ?" நீ ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பன்னிரண்டு மீன். விரல் நீளம். கொன்றைப்பூ மஞ்சளில் சில, நீலத்தில் சில. சிக்லிட் என்று பெயர் சொன்னாய். எனக்கு அது ஏதோ வருத்தத்தின் பெயர் மாதிரிக் கேட்டது. "எட்டு வருசம். ஒண்டும் சாகேல்லை" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நீ சொல்லாத நாள் இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடும் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது மீனைப் பற்றித்தான். "டேய் குணம், அதுகளைப் பாரடா. பன்னிரண்டும் என்ரை பிள்ளையள்."

"நான் தின்னமாட்டன் எண்டு நம்புறியோ?"

"நம்பேல்லை. ஆனால் வேறை ஆளில்லை."

சிரித்தாய். நான் உன் கையைப் பிடித்து, ஒன்றும் குறையாமல் பார்ப்பேன் என்றேன். அந்தச் சொல்தான், தவம். அதைத்தான் நான் காப்பாற்றவில்லை.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் உன் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. பவானி மகளோடு போய் இருக்கக் கனடாவுக்குப் புறப்பட ஆயத்தம். மீன்களையும் தொட்டியையும் ஏற்ற நான் ஒரு சின்ன லொறியோடு இணுவிலுக்கு வந்தேன். உன் பழைய சாரத்துணியால் மூடிய மீன் வாளியை இரண்டு முழங்காலுக்கும் இடையில் வைத்துக்கொண்டு, பள்ளம் திட்டி வரும்போதெல்லாம் கர்ப்பிணிப் பெண்ணோடு போகிறவன் மாதிரி "மெல்ல, மெல்ல" என்று கத்திக்கொண்டு வந்தேன். சாரதி என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணை, வல்வெட்டித்துறைக்கு மீன் கொண்டு போற முதல் ஆள் நீங்களாத்தான் இருக்கும்."

புறப்படும்போது பவானி தெளிவாகத்தான் சொன்னார். "அண்ணை, இஞ்சத்தைத் தண்ணியிலை நாலு வாளி கொண்டு போங்கோ. மிச்சத்துக்கு உங்கடை கிணத்துத் தண்ணியை விடுங்கோ. முதல் நாள் சாப்பாடு வேண்டாம், வெளிச்சமும் போடாதையுங்கோ. கல்லுகளை மறந்திடாதையுங்கோ."

எல்லாவற்றுக்கும் "ஓம் தங்கச்சி, ஓம் தங்கச்சி" என்றேன். மனதுக்குள் நினைத்தது வேறு. பாவம், அவருக்கு எங்கள் கிணற்றைத் தெரியாது. எங்கள் கிணறு கடலுக்குக் கூப்பிடு தூரம். உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டும். தலை முழுகினால் தலைமயிர் தும்புத்தடி மாதிரி நிற்கும். வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தால் அந்தத் தண்ணீரைக் கால் கழுவத்தான் கொடுப்போம். குடிக்கக் கொடுப்பது வாங்கின தண்ணீர். தவத்தின் பிள்ளைகள் முதல் முதலாக என் வீட்டுக்கு வருகின்றன. அவர்களைக் கால் கழுவுகிற தண்ணீரில் விடுவதா?

பத்துக் கான் சுத்திகரித்த தண்ணீர் இறக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன குணம், கலியாண வீடோ?" என்றார். மனுசி வசந்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "என்ரை அம்மா வந்து நிண்ட நேரம் நீங்கள் ரெண்டு கானுக்கு மேலை எடுக்கேல்லை."

"உன்ரை அம்மா தவத்தின்ரை பிள்ளையோ?"

அன்று எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

உன் வீட்டுத் தண்ணீர் நாலு வாளியும் கலங்கலாக இருந்தது. மல்லிகைக்கு ஊற்றினேன். உன் கற்கள் ஓட்டை விழுந்து, பாசி பிடித்து, பார்க்கவே அருவருப்பாக இருந்தன. தூக்கிக் கறிவேப்பிலை மரத்தடியில் போட்டுவிட்டு, நிறம் நிறமான கூழாங்கல்லும் ஒரு பிளாஸ்டிக் கப்பலும் வாங்கி வைத்தேன். எங்கள் குடும்பம் கடலோடிகள் குடும்பம், ஒரு கப்பலாவது இருக்க வேண்டாமா? தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது. பிறகு உன் பிள்ளைகளை ஒரேயடியாக வாளியிலிருந்து அதற்குள் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பெருமையோடு நின்றேன்.

அவை போய் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. பன்னிரண்டும், ஒரே மூலையில். மஞ்சள் வெளிறி, பழைய பேப்பர் நிறம். மூன்றாம் நாள் ஒன்று மிதந்தது. ஐந்தாம் நாள் ஒன்று. எட்டாம் நாள் ஒன்று.

கடலில் ஒரு தரம் வலை இழுத்தால் எத்தனை மீன் சாகும் என்று நானோ என் அப்பாவோ எண்ணிப் பார்த்ததில்லை. இந்த விரல் நீளத்து மஞ்சள்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். கறிவேப்பிலை மரத்தடியில், உன் கற்களுக்குப் பக்கத்தில்தான் குழி தோண்டித் தாட்டேன். வசந்தி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் பவானி தொலைபேசி எடுத்தார். "எப்பிடி அண்ணை அதுகள்?"

"சோக்கா இருக்குதுகள் தங்கச்சி. உங்களைத்தான் தேடுதுகள்."

"பன்னிரண்டும்?"

"பன்னிரண்டும்."

வாய் சொன்னது. காதே கூசியது. "அப்ப வாற கிழமைக்கு அடுத்த வெள்ளி வந்து பார்த்திட்டுத்தான் பிளேன் ஏறுவன்" என்றார் அவர்.

மிச்சமிருந்த ஒன்பதையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடினேன். மீன் கடைக்காரர் மெலிந்த மனிதர், கழுத்தில் துவாய். "மூண்டு மஞ்சள் வேணும். உதே மாதிரி, உதே அளவிலை" என்றேன். அவர் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏன் இதுகள் இப்பிடி வெளிறிக் கிடக்கு? என்ன தண்ணியிலை விட்டனீங்கள்?"

"முதல்தரமான தண்ணி அண்ணை. எல்லாம் காசு குடுத்து வாங்கினது."

அந்த மனிதர் துவாயால் முகத்தைத் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "எந்த ஊர் நீங்கள்?"

"வல்வெட்டித்துறை."

"உங்கடை கிணத்துத் தண்ணி கேத்திலிலை வெள்ளையாப் படியிறேல்லையோ?"

"படியும். அதாலைதான் விடேல்லை."

"அட கடவுளே! உதுகளின்ரை பூர்வீகம் ஆபிரிக்காவிலை ஒரு பெரிய ஏரி. கரை முழுக்கக் கல்லு. தண்ணி எங்கடை கிணத்துத் தண்ணியைப் போலை, உப்புகள் கரைஞ்ச கடின தண்ணி. நாங்கள் சீ எண்டு ஒதுக்கிறதுதான் உதுகளுக்கு அமிர்தம். நீங்கள் வாங்கி விட்டது வெறுந் தண்ணி. அதிலை ஒண்டுமில்லை. அந்த ஓட்டைக் கல்லுகளும் சும்மா வடிவுக்கு இல்லை, அதுகள்தான் உதுகளின்ரை வீடு."

அவர் அன்று எனக்கு மீன் தர மறுத்துவிட்டார். "தண்ணியைச் சரியாக்கிப்போட்டு வாங்கோ. ஒரேயடியா மாத்தக்கூடாது. காலமை ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி. பட்டினி கிடந்தவனுக்கு எடுத்த உடனை பிரியாணி குடுப்பியளோ?"

பேருந்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கேயோ கிடக்கிற ஒரு ஏரி. நான் ஒரு நாளும் போகப்போவதில்லை. அந்த ஏரிக்கும், என் அப்பா சல்லிக்கல் உடைத்துக் கிண்டி, ஊரெல்லாம் சவர் என்று சொன்ன என் வீட்டுக் கிணற்றுக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. யார் போய் இரண்டையும் சுவைத்துப் பார்த்துப் பொருத்தம் பார்த்தது? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு வாளி அள்ளி, வருடக்கணக்கில் வாயில் வைக்காத அந்தத் தண்ணீரில் ஒரு கோப்பை குடித்தேன். சவர்தான். ஆனால் அன்று அது எனக்கு வேறு மாதிரி இறங்கியது.

காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி. கப்பலை எடுத்தேன். உன் கற்களைத் திரும்பத் தூக்கி வந்து அடுக்கினேன். அடுத்த கிழமை முடிவதற்குள், மச்சான், அந்த மஞ்சள் திரும்பி வந்தது. ஒரு நாளில் இல்லை. விடிகிற மாதிரி, எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாமல் வந்தது. மூலையில் நின்றவை ஒவ்வொன்றாகக் கிளம்பி, கல்லுக்குள் போய், ஓட்டையால் எட்டி என்னைப் பார்த்தன. உன் வீட்டில் அவை என்னை எப்படிப் பார்க்குமோ அப்படி. இவன் தின்னப்போகிறவனா என்று.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன். புதன்கிழமை போய் மூன்று மஞ்சளை வாங்கி வந்தேன். இந்தத் தரம் ஒழுங்காகச் செய்தேன். பையைத் தொட்டியில் மிதக்க விட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு கோப்பையாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் வார்த்து, வெளிச்சத்தை அணைத்து, சாப்பாடு போடாமல், சத்தம் போட்ட வசந்தியையும் அடக்கி மெல்ல விட்டேன். கணக்குப் பன்னிரண்டு. ஆனால் உன் ஒன்பதும் அந்த மூன்றையும் ஒரு ஓட்டைக்குள்ளும் விடவில்லை. வீட்டுக்காரர் வீட்டுக்காரர்தான். துரத்தித் துரத்திக் கலைத்து, வாலைக் கிழித்து, மூன்றையும் தண்ணீரின் மேல்மட்டத்தில் காற்றுக் குழாயோடு ஒட்டி நிற்க வைத்தன.

வெள்ளிக்கிழமை பவானி வந்தார். தொட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நான் தேத்தண்ணி போடச் சொல்லக் குசினிப் பக்கம் போகப் பார்த்தேன்.

"அண்ணை, இஞ்சை வாங்கோ."

போனேன்.

"மேலை நிக்கிற மூண்டும் ஆர்?"

பொய் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் 'ஆர்' என்று ஆட்களைக் கேட்பது போல் அவர் கேட்டதும், அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. நிலத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பத்துக் கான், கப்பல், கறிவேப்பிலை மரம், தொலைபேசி, கடை. "அவனுக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தேல்லைத் தங்கச்சி. உங்களுக்கும் பொய் சொன்னனான்."

பவானியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார், தவம்!

"அண்ணை, அவரிட்டையும் செத்ததுகள்."

"என்ன?"

"எட்டு வருசத்திலை எத்தினையோ செத்ததுகள். 'குணம் அறிஞ்சானெண்டால் சாகும் வரைக்கும் நக்கலடிப்பான்' எண்டு, நீங்கள் வாறதுக்கு முதல் கடைக்கு ஓடிப்போய் அதே மாதிரி வாங்கி விட்டிடுவார். உந்த ஒன்பதிலை முதல் நாள் மீன் ஒண்டு கூட இல்லை."

அடப் பாவி. எட்டு வருடம்! ஒன்றும் சாகவில்லை என்று நெஞ்சை நிமிர்த்தினாயே, நானும் நம்பி உன்னை ஒரு சித்தன் மாதிரிப் பார்த்தேனே. அந்தக் கடைக்காரர் துவாயால் முகத்தைத் துடைத்தது இதற்காகவும் இருக்குமோ? நீயும் நானும் ஒரே கடையில், ஒரே பொய்யை வாங்கியிருக்கிறோம். அன்று நானும் பவானியும் சிரித்த சிரிப்பில், உள்ளே படித்துக்கொண்டிருந்த என் மகள் துளசி ஓடி வந்து பார்த்தாள். நீ போன பிறகு பவானி சிரித்ததை நான் கண்டது அதுதான் முதல் தரம்.

பிறகு பவானி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பினார். கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டு உன் கற்கள் எல்லாவற்றையும் கலைத்தார். இந்த மூலையில் நின்றது அந்த மூலைக்கு. மேலே கிடந்தது அடியில். தண்ணீர் கலங்கியது. பன்னிரண்டும் திகைத்துப் போய் நடுவில் நின்றன.

"என்ன தங்கச்சி, பழைய ஆக்களின்ரை வீட்டையும் உடைக்கிறியள்?"

"ஓம். இப்ப ஒருத்தருக்கும் பழைய வீடு இல்லைத்தானே. எல்லாரும் இண்டைக்குத்தான் வந்தவை. இனி ஆர் ஆரைக் கலைக்கிறது?" கல்லை வைத்தபடியே சொன்னார், "சண்டைக் காலத்திலை ஊரை விட்டு எழும்பிப்போய்ப் பள்ளிக்கூடத்திலை இருந்தம், ஞாபகமோ அண்ணை? ஒரு வகுப்பறையிலை ஏழு குடும்பம். ஆரும் ஆரையும் எழும்பச் சொன்னவையோ?"

கலங்கல் அடங்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. நாங்கள் தேத்தண்ணி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒரு நீலம் போய் ஒரு ஓட்டையை மோந்தது. பிறகு உன் மஞ்சளில் ஒன்று. பிறகு, வால் கிழிந்த புதிய மஞ்சள் ஒன்று மேலேயிருந்து இறங்கி வந்து, பயந்து பயந்து ஒரு ஓட்டைக்குள் போனது. ஒருவரும் கலைக்கவில்லை.

போகும்போது பவானி சொன்னார், "திரும்பி வருவன் அண்ணை. அப்ப எத்தினை இருக்குதோ, உள்ளதைச் சொல்லுங்கோ. அது போதும்."

இனித்தான் செய்தி.

மாரி தொடங்கிய பிறகு ஒரு நாள், உன் மஞ்சளில் ஒருத்தியும் அந்த வால் கிழிந்தவனும் (இப்போது வால் முளைத்துக் கோணலாக நிற்கிறது) ஒரு கல்லின் மேல் வட்டம் வட்டமாகச் சுற்றினார்கள். சண்டை என்று நினைத்துக் கண்ணாடியில் தட்டி விலக்குப் பிடித்தேன். என் அறிவு அவ்வளவுதான். நாலு நாள் கழித்து அவளுக்குத் தாடை வீங்கியது. சாப்பாடு போட்டால் கிட்ட வருவாள், பார்ப்பாள், திரும்பிப் போவாள். வாயை மட்டும் ஓயாமல் மெல்லுவாள்.

"வசந்தி, மீனுக்குக் கூகைக்கட்டு. கன்னம் வீங்கிக் கிடக்கு."

"வேப்பிலை அரைச்சுப் பூசுவமோ?" என்றாள் அவள், அடுப்படியிலிருந்து.

பிடித்து உப்புத் தண்ணீரில் விடுவோம் என்று ஒரு சட்டியில் கரைத்து வைத்து, வலையைத் தொட்டிக்குள் விட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் பவானியின் வீடியோ அழைப்பு. துளசி கைபேசியைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள்.

"அண்ணை! வலையை வெளியிலை எடுங்கோ! தொடாதையுங்கோ!"

எடுத்துவிட்டேன். வலையிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டியது.

"அது வருத்தமில்லை. வாய்க்குள்ளை பிள்ளையள்."

நான் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றேன். பவானி அப்போதுதான் உன் கதையைச் சொன்னார். உன்னிடமும் ஒரு தரம் ஒருத்தி இப்படி இருந்தாளாம். நீ பொறுக்க முடியாமல், பார்க்கத்தான், வலையால் அள்ளினாயாம். அவள் பயந்து எல்லா முட்டையையும் துப்ப, மற்றவை கண் மூடித் திறப்பதற்குள் தின்று முடித்தனவாம். நீ இரண்டு நாள் சோறு தின்னவில்லையாம். பிறகும் ஒன்றிரண்டு தரம் வந்ததாம். ஆனால் ஒரு குஞ்சைக்கூட நீ கண்ணால் காணவில்லையாம். இதை ஏனடா என்னிடம் சொல்லவில்லை? நான் இதற்கும் நக்கலடித்திருப்பேன் என்றா? அடித்திருப்பேன். பிறகு உன்னோடு வந்து பட்டினியும் இருந்திருப்பேன்.

மூன்று கிழமை, தவம். என் கதிரை தொட்டிக்கு முன்னால்தான். மனுசி மீன் வெட்டுவதைக் கிணற்றடிக்கு மாற்றினாள், நான் கேட்காமலே. "அவள் பார்க்கக் கூடாது" என்றாள். தொட்டிக்குள் சாப்பாடு விழும். மற்றவை அடிபட்டுத் தின்னும். அவளின் மூக்குக்கு முன்னால் ஒரு துண்டு மிதந்து இறங்கும். பார்ப்பாள். வாய் திறக்க மாட்டாள். விழுங்கினால் பிள்ளையும் சேர்ந்து போய்விடும். வயிறு ஒட்டி, முதுகு கத்தி மாதிரி ஆனது. எத்தனை தலைமுறைக்கு முன்னால் அந்த ஏரியில் எந்தத் தாய் இதை முதலில் செய்தாள்? யார் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தது? இவள் பிறந்தது ஒரு கடைத் தொட்டியில்.

ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளியே மழை. அவள் உன் பெரிய ஓட்டைக் கல்லுக்குள் போய், திரும்பி, வாசலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள். புகை மாதிரி ஒன்று வெளியே வந்தது.

புகைக்குக் கண்கள் இருந்தன.

அரிசிமணி அளவில் மஞ்சள் மீன்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கறுத்தக் கண், ஒரு வால், ஒரு முழு மீனுக்கு வேண்டிய எல்லாம். நான் தெரியாமல் முன்னுக்குச் சாய, என் நிழல் தண்ணீரில் விழுந்தது. அவ்வளவுதான், அந்தப் புகை முழுதும் திரும்பி ஓடி அவளின் வாய்க்குள் போனது. அவள் கதவைச் சாத்தினாள். மூச்சு விடாமல் நின்றேன். கையால் வசந்தியைக் கூப்பிட்டேன். அவள் மஞ்சள் பூசின கையோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். மறுபடியும் வாய் திறந்தது. மறுபடியும் வந்தார்கள்.

"ஐயோ என்ரை பிள்ளை" என்றாள் வசந்தி. யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

நான் கடலில் பார்த்ததெல்லாம் மீனின் கடைசி ஐந்து நிமிடம். பதினாறு வயதில் படகு ஏறினேன். அதற்கு முன்னும் பின்னும் அவை என்ன செய்கின்றன, எங்கே இருக்கின்றன, பிள்ளையை எங்கே வைக்கின்றன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஐம்பத்திரண்டு வயதில், குசினிச் சுவரோரம், ஒரு நாலடிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்தேன். கும்பிட வேண்டும் போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நீதான் நின்று பார்த்திருக்க வேண்டும். என்னைப் போன்ற மீன்தின்னிக்கு இது ஏன் கிடைத்தது?

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. மீன் சாப்பிடுகிறேன். ஆனால் போன மாதம் வசந்தி ஒரு சினைத் துண்டைப் பொரித்துத் தட்டில் வைத்தாள். என் உயிர் அது, உனக்குத் தெரியும். கையை வைத்தேன், எடுத்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் அதைத் தூக்கிப் பூனைக்கு வைத்தாள். பூனைக்கு நல்ல காலம்.

கணக்குச் சொல்கிறேன், உள்ளபடி. அன்று பதினாறு குஞ்சு எண்ணினேன். இன்று காலை ஏழு. ஒன்பதை மற்றவை தின்றுவிட்டன, இந்த ஏழும் உன் கல்லோட்டைகளுக்குள் பதுங்கித் தப்பியவை. பெரியவை பன்னிரண்டும் இருக்கின்றன. அவற்றில் மூன்று உன்னுடையவை அல்ல. அதிலொருவன்தான் இந்த ஏழுக்கும் தகப்பன், தாய் உன்னுடையவள். உன் பெண்ணும், நான் வெட்கத்தை மறைக்க வாங்கி வந்த என் பொடியனும்.

ஒரு வாக்குத் தருகிறேன், முன்னையது போல ஆஸ்பத்திரி வாக்கு இல்லை. ஒன்றும் சாகாது என்று இனிச் சொல்ல மாட்டேன். சாகும். செத்ததை மறைக்க அந்தக் கடைக்குப் போக மாட்டேன். பவானி வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிற அன்று, யார் யார் போனார்கள், யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருத்தராகச் சொல்வேன். புதிதாக ஒன்று வந்தால் கல்லை முழுக்கக் கலைத்து வைப்பேன். தண்ணீர் எப்போதும் என் கிணற்றுத் தண்ணீர்தான்.

இத்தனை காலம் உன் மச்சான்,
இந்த மாரியிலிருந்து உன் சம்பந்தி,
குணம்